பொட்டு உச்சிக்கு ஏறின கதை

ஒரு ஊர்ல ஒரு அம்மா செல்லு இருந்தாளாம். போன் இல்லடி, நம்ம உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாம குட்டிக் குட்டியா இருக்குமே, அந்த செல்லு. எந்த ஊரு? வயித்துக்குள்ள வளர்ற ஒரு பாப்பாவோட மூளைதான் ஊரு. ம் கொட்டு. ஆங்.

அந்த அம்மாவுக்குக் கை நீளம்னா நீளம், ஊரு உச்சி வரைக்கும் எட்டும். பிள்ளைங்க பொறந்ததும் அதைப் பிடிச்சு ஏறிப் போய் உக்காரணும். பெரியவங்க கீழே, சின்னவங்க மேலே, அதான் அங்க வழக்கம். புதுசாப் பொறந்தவ பொட்டு. அவ இடம் உச்சியில. அது காலியாக் கெடந்தா, பாப்பாவுக்கு அதோட அம்மா குரலே புரியாது.

எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே மாதிரி சுவிட்ச் போர்டு. எதைப் போடணும், எதை அணைக்கணும், அதுலதான் எல்லாம் இருக்கு. மாத்திப் போட்டா போச்சு!

அப்போ பொட்டு "போயிட்டு வரேம்மா"ன்னு சொல்லி, 'ஏறு' சுவிட்சைப் போட்டா. விழல.

"வரேன்னு சொல்லாதடி. இங்க ஏறினவங்க இறங்குறதில்ல. போறேன்னு சொல்லு"ன்னா அம்மா.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது அப்படிச் சொல்வாங்களா? ஆனாலும் பொட்டு சொன்னா. "போறேம்மா." டிக்!

அப்புறம் சரசரன்னு ஏறினா. நடுவுல அவ அக்காமாருங்க. "வாடி வாடி, உக்காரு!" உக்காருன்னு சொன்னப்புறம் நிக்காமப் போனா என்ன நெனைப்பாங்க? அவ விரல் 'உக்காரு' சுவிட்ச் மேல போயிடுச்சு. ஐயோ, இங்க போட்டா இங்கயேதான்! வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டா. "கோச்சுக்காதீங்கக்கா."

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் உச்சி வந்துது. "நில்லு! ஏறாதே!"ன்னு அங்க இருந்த காவக்காரம்மா கத்தினா. இன்னும் ஒரு எட்டு வெச்சா ஊருக்கே வெளிய. டிக்! 'ஏறு'வை அணைச்சுட்டா. 'உக்காரு'வைப் போட்டா, விழல. ஏன்? அம்மா கையை இன்னும் விடல! விட்டாத்தான் உக்கார முடியும். கீழே எட்டிப் பார்த்தா. ஒரே இருட்டு. பயந்து அழுதுக்கிட்டே ஒவ்வொரு விரலா எடுத்தா.

டிக்!

கீழே அம்மாவுக்குக் கை லேசாச்சு. உக்காந்துட்டாளா, தவறி விழுந்துட்டாளா, வந்து சொல்ல ஆளில்ல. அவளும் அழுதா. ஆனா நீட்டின கையை மடக்கல. அடுத்தவ பொறந்து வந்து நிக்கிறாளே!

அவ்வளவுதான் கதை. கண்ணு சொக்குது பாரு, தூங்கு.