புனுகு வாடை

இலுப்பைக் காட்டில் ஒரு கரடி பூக்களம் வைத்திருந்தது. அணில், எலி, குரங்கு வீட்டுப் பெண்களெல்லாம் அங்கே இலுப்பைப் பூ காயவைத்தார்கள். களத்துக்குக் கங்காணி ஒரு புனுகுப்பூனை.

கங்காணிக்கு ஒரு கெட்ட புத்தி. வேலை செய்கிற பெண்களை மறைவுக்கு இழுத்துப் போய் உரசும். உரசிய இடத்தில் அதன் வாடை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினாலும் போகாது. மேலே சேறு பூசினால்தான் அமுங்கும். வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்று எல்லாரும் சேறு பூசிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.

ஒருநாள் ஓர் அணில் முள்ளம்பன்றி வக்கீலிடம் போய் அழுதது. கண் திறக்காத மூன்று குட்டிகளுக்குத் தாய் அது.

"வழக்குப் போடலாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வருஷத்துப் பூ நஷ்டஈடு கேட்போம்" என்றது முள்ளம்பன்றி.

செய்தி குளக்கரைக்கு வந்தது. அங்கே வந்த முள்ளம்பன்றியைப் பார்த்துக் கடுவன் குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஒரு உரசலுக்கு ஒரு வருஷத்துப் பூவா? அடேயப்பா! ஏன் வக்கீலய்யா, அதில் உமக்கு எத்தனை கூடை?"

"எனக்கும் கூலி உண்டுதான். முள்ளைத் தின்றா உயிர் வாழ முடியும்?"

"பார்த்தீங்களா! எல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்த நாடகம்! என் மகளும் அங்கேதான் வேலை செய்யுது. தினமும் சேறும் சகதியுமா வருது. அது உழைப்பு! ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்குமா?"

அன்று மாலை கங்காணி அணிலை வழிமறித்தது. "உன் பொந்து யார் மரத்தில் இருக்கு? முதலாளி மரத்தில்! குட்டிகளை நினைச்சுக்கோ, தாயி."

அன்று இரவு முழுக்க அணில் குட்டிகளை விட்டு அசையவில்லை. ஆனாலும் விடிந்ததும் வழக்குக்குப் போனது.

நடுவர் ஆமை குளத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. காடே கூடியிருந்தது. சேறு அப்பிய உடம்போடு அணில் சாட்சி சொல்ல ஏறியது.

கங்காணி எகிறியது. "என்ன அநியாயம்! முழுகிவிட்டுத்தானே சாட்சி சொல்லணும்? அதுதானே காட்டு வழக்கம்? அந்தச் சேற்றைக் கழுவச் சொல்லுங்கள்!"

பாவம், தன் வாடை தனக்குத் தெரியாதே!

"ஆமாம், முழுகிவிட்டு வா" என்றது ஆமை.

அணில் குளத்தில் முழுகி எழுந்தது. சேறு கரைந்தது. காற்றில் புனுகு வாடை குப்பென்று கிளம்பியது. கூட்டம் மூக்கைச் சுளித்தது.

கரடி உறுமியது. "இன்றைக்கே என் மரத்தைக் காலி பண்ணு!"

"பண்ணுகிறேன். மரம் உங்களுடையது, முதலாளி. வாய் என்னுடையது!"

"ஒருத்தி மேல் வாடை வந்தால் ஆச்சா? அதுவும் வக்கீல் வேலையாக இருக்கும்!" என்று கடுவன் கத்தியது.

அப்போது தண்ணீரில் சளப்பென்று ஒரு சத்தம். ஓர் எலி இறங்கியது. அடுத்து இன்னோர் அணில். அப்புறம் யாரும் கூப்பிடாமல் ஒரு மந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. கடுவனின் மகள்!

"எங்கே போறே? ஏய், நில்லு!"

மந்தி நிற்கவில்லை. முழுகி எழுந்து அப்பனுக்கு எதிரே வந்து நின்றது. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இப்ப மோந்து பாருங்கப்பா. அப்புறம் சிரிங்க!"

கடுவன் மோந்து பார்த்தது. மகளின் பக்கத்தில் போய் நின்றது.

ஆமை தீர்ப்புச் சொன்னது. கங்காணியைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். கண்டும் காணாமல் இருந்த கரடி ஒரு வருஷத்துப் பூவை அளந்தது. முள்ளம்பன்றி தன் கூலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு தவளை கிண்டலாகக் கனைத்தது.

"வாயை மூடு!" என்றது கடுவன். அணிலின் குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு புதுப் பொந்துக்கு வழிகாட்டி நடந்தது.

வழக்குப் போட்டவளையும் வக்கீலையும் பார்த்துச் சிரிக்கிறவர்கள், முதலில் தங்கள் வீட்டுச் சேற்றுக்கு அடியில் என்ன வாடை இருக்கிறது என்று முகர்ந்து பார்க்கட்டும்.