மாமியார் வைத்த முட்டு

“காருக்கு அடியில நான் எப்பம்ளா போகலாம்?” என்று கேட்டாள் செண்பகவடிவு.

“போகலாம் அத்தே. முதல்ல காரைத் தூக்குங்க” என்றாள் முப்பிடாதி.

இந்தக் கதையில் குரு, மருமகள். சங்கரன்கோவில் ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். சிஷ்யை, மாமியார். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகி, யார் சொல்லியும் கேட்காமல் ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தியவள். ஊர் வழக்கத்துக்குத் தலைகீழாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

காரில் எண்ணெய் ஒழுகியது. ஒழுகும்போதெல்லாம் மருமகளிடம் போய் நிற்பது மாமியாருக்குக் கசந்தது. தன் வண்டியைத் தன் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்று ஒரே ஆசை. ஆனால் முப்பிடாதி சரி என்று சொல்லாமல் அடியில் தலையை நீட்டக் கூடாது என்பது பேச்சு.

செண்பகவடிவு வாசல் மண்ணில் ஜாக்கியை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினாள். முகம் கொள்ளாத சிரிப்பு.

முப்பிடாதி வந்தாள். காரில் தோளை வைத்து லேசாகச் சாய்ந்தாள்.

பின்சக்கரம் உருண்டது. ஜாக்கி மண்ணில் சரிந்தது. கார் தொப்பென்று உட்கார்ந்தது.

“பாவி, என் காரைத் தள்ளிவிட்டுட்டியே!”

“கார்தான அத்தே விழுந்துச்சு.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

செண்பகவடிவு அன்று மருமகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளை விடவில்லை. அடியில் தான் கிடந்திருந்தால்?

மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை முதலில் காரைச் சிமெண்ட் தளத்துக்கு நகர்த்தி, உருளாமல் இருக்கப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்தாள்.

“இப்பம் சாய்ஞ்சு பாரேன்.”

முப்பிடாதி சாயவில்லை. மிச்சம் கிடந்த ஒரு கல்லில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள். கல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“வீட்டையே தாங்குத கல்லுட்டி அது!”

“வீட்டுக்கு அடியில நீங்க படுக்கலியே அத்தே.”

“உன்ட்ட கத்துக்க வந்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

முப்பிடாதி ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டாண்டை எந்த இடத்தில் வைப்பது? அவள் சொல்லவில்லை. கேட்க மாமியாருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

கதவுக்குக் கீழே ஒரு விளிம்பு புதுப் பெயிண்டில் பளபளத்தது. அங்கே வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். கிழட்டுக் காருக்கு அந்த இடத்தில் மட்டும் எதற்குப் புதுப் பெயிண்ட்? ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தாள். துருவைப் பொத்துக்கொண்டு அது உள்ளே போய்விட்டது.

அங்கே வைத்திருந்தால் ஸ்டாண்டும் அப்படியே உள்ளே போயிருக்கும்.

தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்து, அடியில் ஓடும் கனமான இரும்புச் சட்டத்தைத் தேடிப் பிடித்தாள். அதையும் குத்தினாள், தட்டினாள். ணங்கென்றது. காரைத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டையும் வைத்து, பாரத்தை மெல்ல அவற்றின் மேல் இறக்கினாள். ஜாக்கியையும் எடுத்துவிடாமல் ஒட்டியே வைத்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகள் மேலிருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துத் தோளால் காரை இடித்தாள். இந்தப் பக்கம் இடித்தாள், அந்தப் பக்கம் இடித்தாள்.

கார் அசையவில்லை.

“ஏ முப்பிடாதி! வந்து உன் கைவரிசையக் காட்டுட்டி!”

தெரு முழுக்கக் கேட்டது.

முப்பிடாதி வந்தாள். விளிம்பில் குத்திய ஓட்டையைப் பார்த்தாள். ஸ்டாண்டு நின்ற இடத்தைப் பார்த்தாள். காரைத் தொடவில்லை. சுத்தியலையும் எடுக்கவில்லை.

ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். அப்படியே காருக்கு அடியில் நகர்ந்து போய்விட்டாள்.

செண்பகவடிவு குனிந்து பார்த்தாள். மாமியார் முட்டுக் கொடுத்ததை நம்பி மருமகள் அடியில் கிடக்கிறாள். ஊரில் எந்த மாமியாருக்கு இந்தப் பெருமை வாய்த்திருக்கிறது? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஏட்டி, தள்ளிக்கூடப் பாக்காம போயிட்டியே!”

அடியில் முப்பிடாதி கொஞ்சம் ஒதுங்கிப் படுத்தாள்.

“ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. உள்ள வாங்க அத்தே.”