வெளியேறும் கட்டளை

திருச்சி தில்லைநகரில் அந்த மென்பொருள் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். வைரவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார். அவருக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் கேட்பதில்லை.

அங்கேதான் அவர் ஜெசிந்தாவிடம் தொழில் கற்றார். டுடோரியலில் கணக்கு நடத்திவிட்டு நாற்பது வயதுக்கு மேல் ப்ரோகிராம் எழுத வந்தவர். குருவோ முப்பதைத் தொடாதவர். ஆனாலும் சிஷ்யரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார், அதில் ஒருநாளும் கேலி இருந்ததில்லை.

ஜெசிந்தா வேலையை விட்டுப் போகும் நாள் அது. கேக் வெட்டியாயிற்று. நூலகத்துக்காக எழுதும் ப்ரோகிராம் திங்கட்கிழமையிலிருந்து முழுக்க வைரவன் தலையில்.

பழைய உறுப்பினர்களின் பதிவுகளை அழிக்கிற ப்ரோகிராம் அது. முன்கூட்டியே நகல் எடுத்து வைக்காவிட்டால், அது எதையும் தொடாமல் ஓட்டத்தை நிறுத்தி உடனே வெளியேறிவிட வேண்டும். அப்படி வெளியேறுகிறதா என்று பார்க்கத்தான் வைரவன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்; டெஸ்ட் என்றால் ப்ரோகிராமை ஓட்டிச் சரிபார்க்கிற இன்னொரு குட்டி ப்ரோகிராம்.

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கிளம்பட்டுமா சார்?"

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்."

மத்தியானத்திலிருந்து இப்படிப் பல 'ஒரே சந்தேகம்' வந்துவிட்டது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"நேத்து, ப்ரோகிராமை நிறுத்துற அந்த வெளியேறும் கட்டளையை நிஜமாவே ஓடவிட்டேன். ப்ரோகிராம் மட்டுமில்ல, டெஸ்ட் ஓட்டமே நின்னுபோச்சு. பின்னால இருந்த டெஸ்ட் ஒண்ணுகூட ஓடலை."

"ம்."

"அதனால இன்னிக்கு அந்தக் கட்டளை இருந்த இடத்துல ஒரு போலியை வச்சேன். தன்னைக் கூப்பிட்டாங்கன்னு அது குறிச்சுக்கும், அவ்வளவுதான். டெஸ்ட் பாஸ். போய்ப் பார்த்தா, பதிவெல்லாம் அழிஞ்சு கிடக்கு."

நல்லவேளை, சோதனைக்கென்று வைத்திருந்த பொய்ப் பெயர்கள்தான்.

"நிஜமா வெளியேறினா எல்லாமே நிக்குது. போலியா வெளியேறினா எதுவுமே நிக்கலை. நான் என்னதான் செய்யறது மேடம்?"

ஜெசிந்தா எழுந்தார். "போயிட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவுவரை போனார். அப்படியே திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, வைரவன் தொடாமல் வைத்திருந்த கேக்கை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"நான் போறேன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"போனேனா?"

வைரவன் தட்டைப் பார்த்தார். கேக்கில் பாதியைக் காணோம்.

"போகலை" என்றார். "சொல்லிட்டு, அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்க. என் ப்ரோகிராமும் அதைத்தான் பண்ணியிருக்கு."

"அப்புறம்?"

"போலியா இருந்தாலும் அந்த இடத்துல ஓட்டத்தை நிறுத்தணும். அது 'பிழை'ன்னு ஒரு அறிவிப்பைத் தூக்கி எறியட்டும், ப்ரோகிராம் அத்தோட நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "எறிஞ்சதை டெஸ்ட் பிடிச்சுக்கணும். பிடிச்சுட்டா மத்த டெஸ்டெல்லாம் அதுபாட்டுக்கு ஓடும்."

எழுதினார். ஓட்டினார். ப்ரோகிராம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பதிவுகள் பத்திரமாக இருந்தன. மற்ற டெஸ்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிந்தன. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், வேறு ஏதாவது பிழை இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தேடினார். இனிக் கேட்பதற்குக் கையில் ஒரு சந்தேகம்கூட இல்லை.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம்" என்றார் வைரவன். "நீங்க போயிட்டா இங்க எல்லாம் நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

"பிடிச்சுக்க நீங்க இருக்கீங்கன்னுதானே சார் நான் கிளம்புறேன்."