பெயர் எழுதாத பத்திரிகை

முதலில் கெடுத்தவன் வைரக்கண்ணுதான். நீலமேகம் எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். மழை பெய்யவில்லை என்றாலும் சரி, முழங்கால் வலி என்றாலும் சரி.

பத்து வருஷத்துக்கு முன்னால் வைரக்கண்ணு மொய் விருந்து வைத்தான். கடைமடைப் பக்கத்து ஊர்களில் அது ஒரு வழக்கம். பணமுடை வந்தவன் பத்திரிகை அடித்துக் கிடா வெட்டிச் சோறு போடுவான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். வட்டி கிடையாது. பின்னால் எழுதியவர் வீட்டில் விசேஷம் வரும்போது, வாங்கியவன் போய்ப் பழைய மொய்யைத் திருப்பி எழுத வேண்டும். ஆனால் அழைத்தால்தான் போகலாம். அழைக்காத வீட்டில் போய் எழுதினால் பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும்.

நீலமேகம் பால்மாட்டை விற்று வைரக்கண்ணுக்கு இருபதாயிரம் எழுதினார். ஐந்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தார். வைரக்கண்ணு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு ஒரு புயல் வந்தது. நீலமேகத்தின் தென்னந்தோப்பில் பாதி வேரோடு சாய்ந்தது. மறுபடி கன்று வைக்கக் கடன் வாங்கினார். கடன் வளர்ந்த வேகத்துக்குக் கன்று வளரவில்லை. ஆவணி முடிவதற்குள் ஐந்து லட்சம் கட்டாவிட்டால் தோப்பு கடன் கொடுத்தவருக்கு.

நீலமேகம் ஏரிக்கரை மடத்துக்குப் போனார். மடத்துச் சாமியார் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இவர் அவரைச் சாமி என்பார், அவர் இவரை அண்ணே என்பார். யார் குரு, யார் சீடன் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

சாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, மொய் விருந்து வைன்னு ஊரே சொல்லுது."

"வைங்க."

"கல்யாணத்துல வாங்குறது மரியாதை. கடனை அடைக்க வாங்குறது அப்படியா? முந்நூறு பேருக்கு முன்னால எப்படிக் கை நீட்டுறது?"

"நீங்க இத்தனை பேருக்கு எழுதியிருக்கீங்களே. வாங்குனவங்களை மட்டமாவா நினைச்சீங்க?"

நீலமேகம் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"சில பேரை நினைச்சேன்."

"யாரை?"

"முதல்ல கெடுத்தவன் வைரக்கண்ணு சாமி. அவன்..."

"இந்தக் கட்டையும் ஆயுங்கண்ணே" என்று சாமியார் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. நீலமேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதனால் உறைமேல் பெயர் எழுதச் சாமியாரிடமே கொண்டு போனார். மொய் நோட்டைத் திறக்கவே இல்லை. பெயர், ஊர், தொகை எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லச் சாமியார் எழுதினார். மூன்று நாள் ஆயிற்று.

"ஒண்ணு மிச்சம் இருக்கே" என்றார் சாமியார்.

"அச்சாபீஸ்காரன் கூடப் போட்டிருப்பான்."

"வைரக்கண்ணு பேரு வரலையே."

"கல்யாணத்துக்கே வராதவனுக்குப் பத்திரிகை ஒரு கேடா?"

"அந்த வருஷம் அவர் வீட்டுல என்ன நடந்துச்சு?"

"அவன் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. பிழைக்கல. அது வேற கதை சாமி."

சாமியார் அதில் பெயர் எழுதவில்லை. மடித்து நீலமேகத்தின் சட்டைப் பையில் வைத்தார்.

விருந்தன்று நீலமேகம் வாசலில் கும்பிட்டபடி நின்றார். முதல் அரைமணி நேரம் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அப்புறம் வந்தவர்களே அவர் கூச்சத்தைத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

"என்ன மாமா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு? நிமிருங்க. எம் மகன் படிப்புக்கு நீங்கதானே முதல்ல எழுதுனீங்க!"

"கறியில உப்புக் கம்மி. அதுக்கு ஐந்நூறு பிடிச்சுக்கிட்டுத்தான் எழுதுவேன்!"

சிரிப்புச் சத்தத்தில் பந்தல் நிறைந்தது. மேசையில் பழைய மொய்யும் புது மொய்யும் ஏறிக்கொண்டே போயின.

உச்சிவேளையில், எதிரே கரண்டுக் கம்பத்தடியில் ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. வைரக்கண்ணு. ஆள் பாதியாகியிருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. ஒரு கை இடுப்பு மடியை இறுகப் பிடித்திருந்தது. பந்தலைப் பார்த்தபடி நின்றான். சாலையைத் தாண்டவில்லை.

நீலமேகத்தின் மைத்துனர் ஓடி வந்தார். "மச்சான், மடியில பணத்தோட நிக்கிறாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துருவாரு."

"வந்தா வரட்டும். நான் என்ன குறுக்கே கயிறா கட்டியிருக்கேன்?"

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சாமியார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தார். நீலமேகம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சாமி, நான் என்ன செய்யட்டும்?"

சாமியார் அவர் சட்டைப் பையை ஒரு தரம் பார்த்தார். "அங்க ரசம் கேக்குறாங்கண்ணே" என்று நகர்ந்துவிட்டார்.

நீலமேகம் பையைத் தொட்டார். பத்திரிகை வியர்வையில் நைந்திருந்தது. எடுக்க வேண்டும் என்றுதான் விரல் போனது. கல்யாணப் பந்தலில் இதே மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. விரல் திரும்பிவிட்டது.

இன்னும் இரண்டு பந்தி நடந்தது. அவர் மறுபடி பார்த்தபோது கம்பத்தடியில் மொபெட் இல்லை.

மாலையில் பணத்தை எண்ணினார்கள். செலவு போக நாலு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். பன்னிரண்டாயிரம் குறைந்தது. நீலமேகத்தின் மனைவி காசாம்பு காதுத் தோடு இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அண்டா கழுவப் போய்விட்டாள்.

நீலமேகம் தோட்டைப் பார்த்தார். பிறகு சாமியாரைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா சாமி? இன்னைக்கும் அவன் கொடுக்கல."

சாமியார் புது மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தனை பேருண்ணே?"

"இருநூத்தித் தொண்ணூத்தேழு."

"இனிமே இத்தனை வீட்டு வாசல்லயும் நீங்க போய் நிக்கணும்" என்றார் சாமியார். "ஒவ்வொருத்தரும் வாங்கன்னு சொல்லணும்."

பழைய நோட்டில், வைரக்கண்ணு பெயருக்கு நேரே, இருபதாயிரம் அப்படியே இருந்தது.