பிஞ்சைக் காட்டிய விரல்

செடிகொடிகளுக்கும் பூச்சிபொட்டுகளுக்கும் வாய் இருந்த காலம் அது. வாய் இருந்ததே தவிர, கேட்டால்தான் பதில் வரும். கேட்காத விஷயத்தைத் தானாக வந்து சொல்கிற வழக்கம் அவற்றிடம் கிடையாது. மனிதர்களோ அன்றைக்கும் இன்றைக்குப் போலத்தான் இருந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் எல்லாம் கேட்பார்கள்.

அந்தக் காலத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேலாத்தா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாரப்பன். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி ஈரமாகக் கிடக்கும் ஒரு துண்டு நிலம்தான் அவளுடைய தோட்டம். அவளுக்குக் கல்யாணமானபோது அவள் அம்மா ஒரு பிடி சுரை விதையை முந்தானையில் முடிந்து அனுப்பியிருந்தாள். கழுத்து சற்றே வளைந்து, அடி பெருத்துக் காய்க்கும் சுரை. அந்த ரகம் இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை. இப்போது அம்மாவும் இல்லை. அம்மா வீட்டுத் தோட்டத்தில் வேறு யாரோ எள் விதைத்திருந்தார்கள். போன வருஷம் விதைக்கென்று விட்டுவைத்த காயை எலி குடைந்துவிட்டதால், அடுப்படிப் பானையில் மிஞ்சியிருந்தது நாலைந்து விதைதான். அதுவும் போனால் அந்தச் சுரை உலகத்திலேயே இல்லை.

மாசி பிறந்ததும் வேலையைத் தொடங்கினாள். மண்ணைக் கொத்திப் புரட்டினாள், பழைய குப்பை எருவைச் சலித்துப் போட்டாள், விதைகளைச் சாணித் தண்ணீரில் ஊறவைத்தாள். பந்தல் மூங்கில் இற்றுப்போயிருந்தது. புது மூங்கில் வெட்டித் தரும்படி மாரப்பனிடம் கேட்டாள்.

"இதுக்கு ஏம்புள்ள இத்தனை பாடு? சந்தையில சுரைக்காய் கெடைக்காமயா போவுது?" என்றான் அவன்.

"சுரைக்காய் கெடைக்கும்ங்க. எங்கம்மா சுரை கெடைக்குமா?"

மாரப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு போனான்.

விதை போட்ட மறுநாளே கோழி வந்து குழியைக் கிளறிப் போட்டது. கோழியைத் துரத்திவிட்டு முள் வெட்டிப் போட்டால், முள்ளுக்கு அடியில் எறும்பு வரிசை கட்டி ஒரு விதையைத் தூக்கிப் போனது. இன்னொன்று தண்ணீர் அதிகமாகி ஊறி அழுகியது. கடைசியில் ஒன்றே ஒன்று முளைத்தது. அதன் மேல் ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு இலை விட்டதும் செவ்வண்டு வந்து இலையைச் சல்லடை ஆக்கியது. அதிகாலைப் பனி ஈரத்திலேயே அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தோட்டம் போட்டவளுக்குத் தூக்கம் ஏது.

ஒருவழியாகக் கொடி பந்தல் ஏறியது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஒரு நாள் இலைக்கு அடியில், ரோமம் படர்ந்த சின்னப் பிஞ்சு ஒன்று தொங்குவதை வேலாத்தா பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாரப்பனைக் கூப்பிட்டு விரலை நீட்டிக் காட்டினாள். மோர் விற்க வந்தவளுக்குக் காட்டினாள். பக்கத்து வீட்டு நாச்சக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "அதோ பாருங்க்கா, அந்த இலைக்கு அடியில" என்று காட்டினாள். நாச்சக்கா அவளைவிட மூத்தவள், நல்ல மனசுக்காரி. பிஞ்சு நன்றாக இருக்கிறது, காய் பெருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சில நாளில் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி, கீழே விழுந்தது.

அடுத்த பிஞ்சு வந்தது. அதையும் காட்டினாள், அதுவும் விழுந்தது. வேலாத்தா யோசித்தாள். மோர்க்காரி தினமும் பத்து வீடு பார்க்கிறவள், அவள் கண்ணில் என்ன இருக்கப்போகிறது? புருஷன் கண் படாது. மிச்சம் நாச்சக்கா. நாச்சக்கா வீட்டில் அந்த வருஷம் பந்தலே போடவில்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டால் யார் தலையிலாவது போய்த்தானே விழும்.

மறுநாள் நாச்சக்கா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவள் வாசற்படியில் காலடி மண் எடுத்தாள் வேலாத்தா. குனிந்தவள் நிமிர்ந்தபோது, குடத்தோடு நாச்சக்கா எதிரே நின்றுகொண்டிருந்தாள். கண் போட்டவரின் காலடி மண்ணைத்தான் கண்ணேறு கழிக்க எடுப்பார்கள் என்று தெரியாத பெண் அந்த ஊரில் இல்லை. நாச்சக்கா குடத்தை இறக்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு வேலி ஓரம்கூட அவள் வரவில்லை.

வேலாத்தா அந்த மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துக் கொடியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். அன்றைக்கு அடித்த நெடியில் மாரப்பன் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினான். அதைப் பார்த்தாவது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

மூன்றாவது பிஞ்சை மாரப்பனுக்கும் மோர்க்காரிக்கும் மட்டும் காட்டினாள். அதுவும் விழுந்தபோது, கோபத்தில் அதை அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. வெளியே ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை. ஓட்டை இல்லாத காய்க்குள் புழு எந்த வழியாகப் போனது? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலில் ஊசி முனை அளவுக்கு ஒரு குத்தல், அதன் மேல் ஒரு சொட்டுப் பிசின். கோபம் போய், இது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

முதலில் எறும்பைக் கேட்டாள். விதையைத் தின்றது நாங்கள்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை, பிஞ்சு எங்களுக்கு ஆகாது என்று எறும்பு சொல்லிவிட்டு வரிசைக்குப் போனது. அணிலைக் கேட்டாள். நான் கடித்தால் பல் தடம் தெரியாதா, ஊசித் தடத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறாயே என்று அணில் கோபித்துக்கொண்டது. கடைசியில்தான் கொடியையே கேட்கலாம் என்று தோன்றியது.

கொடி சொன்னது, "என் கண் எல்லாம் கொழுந்தில் இருக்கிறது. அடுத்து எதைப் பற்றி ஏறலாம் என்றுதான் பார்ப்பேன். பின்னால் தொங்குவது எனக்குத் தெரியாது. சுருக்கென்று ஒன்று குத்தும். அது மட்டும் தெரியும்."

எப்போது குத்தும் என்று வேலாத்தா கேட்டாள்.

"நீ வந்து போன பிறகுதான்" என்றது கொடி.

வேலாத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் எத்தனை பிஞ்சு விடுவாய் என்று கேட்டாள். அடி இலை பழுத்துவிட்டது, வெயில் ஏறிவிட்டது, வடக்குப் பக்கம் ஒரு பிஞ்சு விட்டிருக்கிறேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றது கொடி. வேலாத்தா வடக்குப் பக்கம் போய் இலைகளுக்கு நடுவே பார்த்தாள். இருந்தது. நல்லவேளையாக அதை அவள் இன்னும் யாருக்கும் காட்டியிருக்கவில்லை.

திரும்பியபோது பந்தல் காலில் ஓர் ஈ உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். வீட்டு ஈ இல்லை. தேன் நிறத்தில் ஒல்லியாக, இறகில் புள்ளியோடு இருந்தது. சாப்பிட உட்காருகிறவரைப் போல முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு அவளையே பார்த்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவள்தான் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பிஞ்சைக் குத்துவது நீயா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றது ஈ. "என் முட்டைக்கு மெத்தென்ற இடம் வேண்டும். நீ பிள்ளைக்குத் தொட்டில் தேடமாட்டாயா?"

"இவ்வளவு இலைக்கு நடுவில் எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் எங்கே கண்டுபிடித்தேன்? பச்சைக்குள் பச்சையாகத் தொங்கினால் எனக்குத் தெரியாது. நீ வருவாய், விரலை நீட்டுவாய். விரல் நுனி எங்கே பார்க்கிறதோ அந்த வழியே நேராகப் போவேன். நாளைக்கும் வருவாய்தானே?"

ஈயின் பேச்சில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டது. வேலாத்தா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிஞ்சுகள் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், குடத்தை இறக்காமல் உள்ளே போன நாச்சக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நாச்சக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டி, தப்பு என் பேரில்தான், உங்கள் காலடி மண்ணை எடுத்தது பெரிய பாவம் என்று ஆரம்பித்தாள். ஈயின் சங்கதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நாச்சக்கா கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள்.

"பேச்செல்லாம் எதுக்கு அம்மிணி? பந்தல்ல இப்பப் பிஞ்சு இருக்குதா?"

"ஒண்ணு இருக்குதுங்க்கா."

"வா. வந்து எனக்குக் காட்டு. அப்ப நம்பறேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். வேலாத்தா பின்னாலேயே ஓடி வருவதற்குள் பந்தலுக்கு அடியில் போய் நின்றுவிட்டாள். ஈ பந்தல் காலிலேயே இருந்தது. இரண்டு பேரைப் பார்த்ததும் முன்கால்களைத் தேய்க்கத் தொடங்கியது.

நாச்சக்கா அண்ணாந்து இலைகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்க?" என்றாள்.

விரலை நீட்டினால் கடைசிப் பிஞ்சும் போகும், அம்மாவின் சுரை அதோடு முடிந்தது. வாயால் இடம் சொன்னால் ஈக்கும் காது உண்டு, அதற்கும் மனிதப் பேச்சு புரியும். ஒன்றும் காட்டாமல் நின்றால், இன்னும் என் கண்ணுக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நாச்சக்கா நினைப்பாள். பிறகு அந்தக் கதவு திறக்கவே திறக்காது. வேலாத்தா ஈயையும் நாச்சக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நிற்க நிற்க நாச்சக்காவின் முகம் சுண்டியது. "சரி அம்மிணி, நான் வர்றேன்" என்று திரும்பினாள்.

வேலாத்தாவின் கை பழக்கத்தில் உயர்ந்தது. சுட்டு விரல் நீண்டது. பாதி வழியில், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, நுனியைத் தன் பக்கம் இழுத்து விரலை மடக்கிக்கொண்டாள். மடங்கிய கணு மட்டும் வடக்குப் பக்க இலையைப் பார்த்து நின்றது.

ஈ பறந்தது. விரல் நுனி பார்த்த வழியே நேராக வந்து வேலாத்தாவின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. இங்கும் அங்கும் குத்திப் பார்த்தது. களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன கை, ஊசி இறங்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வேறு தோட்டம் பார்க்கப் போய்விட்டது.

நாச்சக்காவோ கையின் போக்கைப் பார்த்து, கணு காட்டிய பக்கம் கண்ணை ஓட்டினாள். இலைக்கு அடியில் பிஞ்சு தெரிந்தது. அதையும் பார்த்தாள், வேலாத்தாவின் கையை விட்டுப் பறந்துபோன ஈயையும் பார்த்தாள். பிறகு வேலாத்தா முழுக் கதையையும் சொன்னாள், எதையும் விடவில்லை. நாச்சக்கா கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"என்ற கண்ணு பொல்லாத கண்ணுன்னு மண்ணெடுத்தியே அம்மிணி, விரல் யாருது?"

"என்றதுதானுங்க்கா" என்றாள் வேலாத்தா.

அப்போதுதான் நாச்சக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலாத்தாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தப் பிஞ்சு காயாகிப் பெருத்து, பந்தலிலேயே முற்றிக் காய்ந்தது. உடைத்தபோது உள்ளே இருந்த விதைகளில் பாதியை நாச்சக்கா மடியில் கொட்டினாள் வேலாத்தா. அடுத்த மாசியில் இரண்டு வீட்டிலும் பந்தல் ஏறியது. பிறகு ஊரில் விதை கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் விதையோடு விரல் மடக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கிற வேலையை நாச்சக்காதான் எடுத்துக்கொண்டாள், வேலாத்தாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே சொல்வாள்.

செடிகொடிகளும் ஈ எறும்புகளும் பேச்சை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகும் என்பது மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அந்தப் பந்தலடியில் தொடங்கிய பழக்கத்தால்தான் இன்றைக்கும் சுரைப் பிஞ்சையோ பூசணிப் பிஞ்சையோ இன்னொருவருக்குக் காட்டுகிறவர்கள் விரலை மடக்கி, நுனியைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்கிறார்கள்.