ஒன்பதாவது பாதை

ஒரு காட்டில், தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை கிடந்தது. யானை ஒன்று மேலே படுத்தால் பாறை மறைந்துபோகும், அவ்வளவுதான் அதன் அளவு. சுற்றிலும் சேறு. ஆனாலும் அந்தப் பாறையின்மேல் மூன்று எறும்புக் கூட்டங்கள் குடியிருந்தன.

பாறையின் நடுவில் மூன்று விரிசல்கள். முதல் விரிசலில் கட்டெறும்புகள். அவற்றின் தலைவி கடுவாய், யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாதவள். இரண்டாவதில் செவ்வெறும்புகள். தலைவி செம்மிளகு, முதலில் கடித்துவிட்டுப் பிறகு காரணம் கேட்பவள். மூன்றாவதில் சிற்றெறும்புகள். தலைவி தினைப்பொட்டு, பொறுமைக்காரி.

அந்தப் பாறையில் சாப்பாடு கிடைக்கும் இடங்களும் மூன்றுதான். ஒரு பக்கம் புல் முளைத்து விதை உதிர்ந்தது. இன்னொரு பக்கம் அத்திப்பழம் விழுந்தது. மற்றொரு பக்கம், ஒடிந்து கிடந்த கிளையிலிருந்து இனிப்பான சாறு கசிந்தது. விதை மழைக்காலச் சேமிப்புக்கு, பழம் குஞ்சுகளுக்கு, சாறு முட்டையிடும் தாய்களுக்கு. ஆகவே மூன்று கூட்டத்துக்கும் மூன்றும் தேவைப்பட்டன.

எறும்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கூட்டத்தின் பாதை இன்னொன்றின் பாதையை வெட்டினால் வாசனைகள் கலந்துவிடும். செவ்வெறும்பு ஒன்று தன் வீட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு நேரே கட்டெறும்பின் வீட்டுக்குள் போய் நிற்கும். அப்புறம் யாருக்காவது கால் போகும், யாருக்காவது மீசை போகும்.

தினமும் இதே சண்டை. கடைசியில் மூன்று தலைவிகளும் சேர்ந்து ஒரு நத்தையைத் தேடிப் போனார்கள்.

நத்தையின் பெயர் மெல்லடியார். பெயரின் கடைசியில் இருக்கும் 'ஆர்' அவரே சேர்த்துக்கொண்டது. அவர் நடந்த இடமெல்லாம் காய்ந்ததும் வெள்ளிக் கோடாக மின்னும். கோடு போடுவதில் அந்தக் காட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவர் நம்பினார். வேறு யாரும் கோடு போடுவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு மூன்று வீதம் ஒன்பது பாதைகள் வேண்டும், ஒன்று மற்றொன்றை வெட்டவே கூடாது என்று தலைவிகள் கேட்டார்கள். மெல்லடியார் தலையை ஆட்டினார். மூன்று நாள் வேலை என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பாறை துடைத்த மாதிரி இருக்க வேண்டும். இலை, சுள்ளி எதுவும் கிடக்கக் கூடாது. குப்பை கிடந்தால் கோட்டின் அழகு கெட்டுவிடுமாம். யாரையும் நம்பாமல், காலையில் விழுந்து கிடக்கும் சுள்ளியைத் தானே முட்டி முட்டிச் சேற்றில் தள்ளினார்.

மூன்றாம் நாளுக்குள் எட்டுப் பாதைகள் வந்துவிட்டன. எறும்புகள் கோட்டின் ஓரமாகச் சாரை சாரையாக நடந்தன. மெல்லடியார் அன்று தன்னைத் தானே இரண்டு முறை பாராட்டிக்கொண்டார், பாராட்ட வேறு யாருக்கும் நேரமில்லாததால்.

ஒன்பதாவது பாதை மட்டும் பாக்கி. சிற்றெறும்பு வீட்டிலிருந்து புல்விதைக்குப் போகும் பாதை அது. சிற்றெறும்புகளுக்கு அதட்டிக் கேட்டு வாங்கத் தெரியாது. அதனால் அவற்றின் வேலை எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

அந்த ஒன்பதாவது வரவில்லை. இடப்பக்கம் சுற்றினால் ஒரு கோடு குறுக்கே நின்றது. வலப்பக்கம் சுற்றினால் வேறொன்று நின்றது. பனி ஈரத்தில் பழைய கோடுகளைத் தேய்த்து அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார். மறுபடியும் எட்டுதான் வந்தது. நம்பிக்கை இல்லையென்றால் மணலில் மூன்று வீடும் மூன்று கடையும் வரைந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கடைக்கும் ஒன்றை ஒன்று வெட்டாமல் கோடு போட்டுப் பாருங்கள். மெல்லடியாருக்கும் துணைக்கு ஒருவர் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் போனது. தினைப்பொட்டு தினமும் வந்து பணிவாகக் கேட்டாள். மெல்லடியார் தினமும் ஒரு காரணம் சொன்னார். பாறை ஒரு சாண் அகலம் குறைவு என்றார். எறும்புகளுக்குக் கால் ஆறாக இருப்பதால் இடம் அடைக்கிறது என்றார். காலே இல்லாத தனக்கு அதைச் சொல்ல நல்ல உரிமை இருப்பதாகவும் நினைத்தார்.

பிறகு பாதைகளைப் பாறையின் ஓரம் வரை இழுத்து வளைத்துப் பார்த்தார். பாதை நீண்டது. காலையில் கிளம்பிய கட்டெறும்பு சாயங்காலம்தான் வீடு திரும்பியது, அதுவும் பசி தாங்காமல் சுமந்து வந்த பழத்தை வழியிலேயே தின்றுவிட்டு வெறும் வாயோடு. கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் நடந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உரசி, செம்மிளகு கடித்தாள். காரணம் பிறகுதான் கேட்டாள்.

மூன்றாவது வாரம் தும்பிகள் தாழப் பறந்தன. மழை நெருங்கிவிட்டது. சிற்றெறும்பு வீட்டில் ஒரு விதைகூட இல்லை.

மெல்லடியார் அப்போதாவது, இது என்னால் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கட்டெறும்புப் பாதையை ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே கடக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். காலையில் கட்டெறும்பு போகட்டும், மாலையில் சிற்றெறும்பு போகட்டும் என்றார். நேரம் பார்த்து நடக்க எறும்புகளுக்குத் தெரியும். வாசனைக்குத் தெரியாது. அது காலையிலிருந்து அங்கேயே கிடந்தது. மாலையில் கிளம்பிய சிற்றெறும்புகளில் பாதி, அந்த வாசனையில் திரும்பிக் கடுவாயின் வீட்டுக்குள் நுழைந்தன. அறுபது பேருக்குக் கால் போனது.

அன்று தினைப்பொட்டு வந்தபோது எதுவும் கேட்கவில்லை.

"நாங்கள் கிளம்புகிறோம் ஐயா. சொல்லிவிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"எங்கே போவீர்கள்? சுற்றிலும் சேறு. பாதிப்பேர் மூழ்கிவிடுவார்கள்."

"இங்கே இருந்தால் மழையில் எல்லோரும் பட்டினியில் போய்விடுவோம். பாதி என்றால் பரவாயில்லை."

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மெல்லடியார் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டார். உள்ளே போய்விட்டால் வேறு யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று உள்ளேயும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளின் பெயரும் மெல்லடியார்தான்.

காலையில் காற்று அடித்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால், கட்டெறும்புகளின் பழப் பாதைக்குக் குறுக்கே ஒரு காய்ந்த சுள்ளி விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பாறையைத் தொட்டு, நடுவில் கொஞ்சம் வளைந்து தூக்கி நின்றது. அந்தத் துக்கத்திலும் அவருக்கு அது பொறுக்கவில்லை. அதைத் தள்ளிவிடக் கிளம்பினார்.

நத்தை கிளம்பி நத்தையாகப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அதுவே நல்லதாகப் போயிற்று. அவர் போனபோது, ஊரைவிட்டுக் கிளம்பும் வழியைத் தேடி வந்த சிற்றெறும்புகள் அந்தச் சுள்ளியின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து திரும்பியவற்றின் வாயில் புல்விதை இருந்தது. சுள்ளிக்கு அடியில் கட்டெறும்புகள் பழம் சுமந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் கடிக்கவில்லை.

மெல்லடியார் ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைக் கீழேயும் வைத்துப் பார்த்தார். தன் கண்கள் எதற்காகக் காம்பின் நுனியில் இருக்கின்றன என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் இரண்டையும் தரையிலேயே பதித்து வைத்திருந்தார்.

சுள்ளியில் போன ஒரு சிற்றெறும்பை நிறுத்திக் கேட்டார்: "கீழே கட்டெறும்பு போகிறதே, உனக்கு வாசனை வரவில்லையா?"

"கீழே யாராவது போகிறார்களா ஐயா?" என்றது அது.

மெல்லடியார் அந்தச் சுள்ளியைத் தொடவில்லை. திரும்பித் தினைப்பொட்டைத் தேடி ஓடினார். அவர் ஓட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்லவேளை, சிற்றெறும்புகளுக்கு முட்டைகளை வெளியே எடுத்து வைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

"போகாதீர்கள் அம்மா" என்றார் மூச்சிரைக்க. "உங்கள் பாதை வந்துவிட்டது. அது எப்போதோ வந்திருக்கும். காற்று தினமும் கொண்டுவந்து போட்டது. நான்தான் தினமும் சேற்றில் தள்ளினேன். இதுவரை இருபத்திரண்டு சுள்ளி. பாறை தட்டையாக இருக்கிறதே என்று என் மூளையையும் தட்டையாகவே வைத்துக்கொண்டேன்."

அறுபது பேரின் கால்களைத் தினைப்பொட்டு மறக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்: "இப்போது எத்தனை சுள்ளி வேண்டும்?"

வேலை ஐந்து நாள் நடந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும் சின்னப் பாதைகளை மெல்லடியார் பாறைமேலேயே விட்டார். அவை ஒல்லியாக இருந்தால் போதும். அதற்குமேல், கூழாங்கற்களை வைத்து அவற்றின்மேல் சுள்ளிகளைப் பரப்பி ஒரு தட்டு அமைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே கட்டைவிரல் பருமனில் ஒரு கொடியை இழுத்துக் கட்டினார்கள். தூரமாகப் போகிறவர்கள் அதில் ஆறு பேர் தோளோடு தோளாக நடக்கலாம். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஏறவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு புல்தண்டை நட்டார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டாம் நாளே செம்மிளகின் சுள்ளி பாரத்தில் தொய்ந்து கீழே இருந்த பாதையைத் தொட்டது. உடனே பழைய சண்டை. எங்கும் ஒன்றை ஒன்று தொடாதபடி மெல்லடியார் விரற்கடைக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தார். கடுவாய் வேறு, தன் தலைக்கு மேல் எவரும் நடக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்குத்தான் சாறு இருக்கும் கிளை ரொம்பத் தூரம். அதனால் மேல் கொடி அவளுக்கு என்று சொல்லிவிட்டார். அவள் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டாள்.

முன்பு பொழுதுக்கும் ஒரு நடை போனவர்கள் இப்போது நான்கு நடை போனார்கள். ஆறாம் நாள் மழை பிடித்தது. மூன்று வீட்டிலும் விதை நிறைந்திருந்தது.

மழை கொஞ்சம் விட்டபோது, வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளையார் எறும்புகள் ஓர் இலையில் மிதந்து வந்து பாறையைத் தொட்டன. தங்க இடம் கேட்டன. விரிசலில் ஓர் ஓரம் கொடுக்கலாம் என்றாள் தினைப்பொட்டு. "பாதைக்கு எங்கே போவது? பாறையில் இடமில்லை" என்றாள் கடுவாய். எல்லோரும் மெல்லடியாரைப் பார்த்தார்கள்.

மெல்லடியார் பாறையைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் தரையையே பார்த்தார். பிறகு தன்னை நினைத்துத் தானே சிரித்துவிட்டார்.

"பாருங்கள், இந்த மண்டை இன்னும் திருந்தவில்லை" என்றார். "மேல் கொடிக்கு மேலே எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. இன்னொரு கொடி கொண்டுவாருங்கள்."

கடுவாய் தன் தலைக்கு மேல் என்று ஏதோ தொடங்கினாள். எல்லோரும் கொடி தேடப் போய்விட்டதால் கேட்க ஆளில்லை.

வந்தவர்களில் ஒருத்தி, இந்த யோசனை யாருடையது என்று கேட்டாள். தினைப்பொட்டு மெல்லடியார் பக்கம் மீசையை நீட்டினாள்.

"யோசனை காற்றினுடையது" என்றார் மெல்லடியார். "நான் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று."

சொல்லிவிட்டு, கோடு போடுவதற்காகப் புல்தண்டில் ஏறத் தொடங்கினார்.

நீதி: இடம் போதவில்லை என்று பக்கத்தில் இருப்பவரோடு முட்டிக்கொள்ளும் முன், ஒரு முறை தலையை நிமிர்த்தி மேலே பார்.