சூசையண்ணன் கேட்ட தடையில்லாச் சான்று

எங்க ஊர் கூடைப்பந்துக் கழகத் தலைவர் வடமலை தொண்டைக்குள்ளேயே ஒலிபெருக்கி வைத்திருப்பவர்.

"ஏய் சூசை! வயசு முப்பத்தெட்டு ஆச்சு. போன வருஷம் பூரா நீ போட்டது ஆறே கூடை. உன்னை எதுக்குய்யா மறுபடி எடுக்கணும்? இந்த ஸ்கோர் ஷீட்டுல ஒரே ஒரு காரணம் காட்டு, பாப்போம்!"

சூசையண்ணன் தடுப்பாட்டக்காரர். போடவிடாமல் தடுத்த கூடையை எந்த ஷீட்டில் எழுதுகிறார்கள்? இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் ஆடிவிடவேண்டும் என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

பக்கத்து நாற்காலியில் கபிலன். பக்கத்து ஊர் அணியின் நட்சத்திரம். எங்கள் அணியில் சேரக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டான்.

"காட்ட ஒண்ணுமில்லீங்க தலைவரே," என்றார் அண்ணன், பூனைபோல. "வேற அணிக்கு ஆடத் தடையில்லாச் சான்று மட்டும் குடுத்துடுங்க."

"தாராளமா! எந்த அணிக்கு?"

"தம்பி விட்டுட்டு வர்ற அணிக்குத்தாங்க."

கபிலன் பேனாவை மூடினான்.

"என்னாச்சு தம்பி?"

"சார், இவர் மறிச்சா என்னால பந்தையே தொட முடியாது. இவருக்கு எதிரா ஆடக்கூடாதுன்னுதான் இங்க வந்தேன். இவர் அங்க போனா எனக்கு இங்க என்ன வேலை?"

ஒலிபெருக்கி அணைந்தது. தலைவர் மூன்றுமுறை செருமிவிட்டு, ஒப்பந்தத் தாளை அண்ணன் பக்கம் தள்ளினார்.

"ஒரு வருஷந்தான்!"

"போதுங்க."

அன்றைக்குப் பயிற்சி கிடையாது. ஆனாலும் சாயங்காலம் வெறும் கோர்ட்டில், எதிரே யாருமே இல்லாமல், சூசையண்ணன் இரண்டு கைகளையும் விரித்து யாரையோ மறித்துக்கொண்டிருந்தார்.